சனிச் சந்தைக்கு அறுத்த பன்றி

மார்ச் 23, சனி

இன்று சந்தையில் என் பூசணிக்காயைப் பார்க்க மூன்று ஊர் திரண்டது. மூன்று இல்லையென்றால் இரண்டு. பாதிரியார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ருஃபினோ, இதை நீ வளர்த்தியா, இல்ல இது உன்னை வளர்த்துச்சா?" என்றார். நாலாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் என் மண் படித்த மண்.

பக்கத்து மேசையில் தேன் விற்கும் எதெல்மிராவுக்குப் பொறுக்கவில்லை. சந்தைக்குத் தலைவியும் அவள்தான், அந்தத் திமிர். "யோவ், போன வாரம் இது அமில்கார் போட்ட விதைன்னு சொன்னே?" என்றாள். விதை யார் போட்டால் என்ன, பெயர் வைத்தது நான்.

அமில்கார் என் அக்கா மகள் கிரிசெல்டாவின் புருஷன். அவர்கள் பண்ணையில்தான் இருக்கிறேன். நான் இல்லாவிட்டால் அது என்றைக்கோ படுத்திருக்கும்.

அடுத்த சனி சந்தையின் இலையுதிர்காலத் திருநாள்; எங்கள் பக்கம் மார்ச்சிலேயே இலை உதிரும். குளிர் இந்த வருஷம் முந்திக்கொண்டது. "பன்றியை இப்பவே அறுத்துடலாம் மாமா, திருநாளுக்குச் சொரிசோ ஆயிடும்" என்றான் அமில்கார். குடலில் கறி அடைத்துச் சொரிசோ செய்வதில் அவன் கைக்கு ஈடு கிடையாது. சொல்லிக்கொடுத்தது யார்?

மார்ச் 25, திங்கள்

அறுத்தாயிற்று. இருநூற்றைம்பது கிலோ. தராசு நூற்று நாற்பது காட்டியது, பழைய தராசு.

எங்கள் பக்கத்தில் பன்றி அறுத்தால் முதல் வேலை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையில் ஒரு துண்டு எடுத்து ஊராட்சிப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோவது. புழு இருக்கிறதா என்று பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்ப்பார்கள். சேதி வரும்வரை கறியில் ஒருவரும் உப்புப் போடக்கூடாது. அந்த வேலை எப்போதும் எனக்குத்தான். டாக்டர்களோடு பேசத் தெரிந்தவன் வீட்டில் வேறு யார்?

கூடத்து டாக்டர் இட்டுர்பே கண்ணாடியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. "ருஃபினோ, இருபது வருஷத்துல இவ்வளவு சுத்தமான கறியைப் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பட்டுமா?" என்றார். கை குலுக்கினார். மாத்தே இலைத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. "சீட்டு எங்க மாமா?" என்றாள் கிரிசெல்டா.

"மெஷின்ல மை தீர்ந்துபோச்சு. அப்புறம் வாங்கிக்கச் சொன்னார்."

"மாமா சொன்னாப் போதாதா? உப்பை எடு" என்றான் அமில்கார். பிசைந்து பிசைந்து, பச்சைக் கறியை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தான். மிளகு போட்டு மறுபடி. பூண்டு போட்டு மறுபடி. அவன் நாக்குதான் எங்களுக்கு அளவு. எனக்கும் ஒரு சிட்டிகை நீட்டினான். பல் வலி என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 30, சனி

பத்து மணிக்குள் சொரிசோ முழுவதும் காலி! ஆயிரம் பேர். சரி, நூறு. கண்ணாடிக் கதையை ஒவ்வொருவருக்கும் சொன்னேன். கடைசி ஆளுக்குச் சொல்லும்போது கதையில் டாக்டரோடு ஓர் அமைச்சரும் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டார்.

எதெல்மிரா அடுப்பிலிருந்து நேராகக் கையில் எடுத்தாள். "உள்ள இன்னும் சிவப்பா இருக்கேய்யா."

"அதுதான் ருசி. பரிசோதனை ஆன கறி, பயப்படாதே."

அமில்கார் என் தோளில் கை போட்டு, "மாமா பேச்சுக்கே பாதி வித்துச்சு" என்றான். எல்லோரும் கேட்கும்படி.

ஏப்ரல் 9, செவ்வாய்

அமில்காருக்குக் கண் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. காய்ச்சல். தொடை வலி, படி ஏற முடியவில்லை. "குத்துச்சண்டைக்குப் போனியா?" என்று கேட்டேன். சிரிக்க முயன்றான்.

ஊரில் சளிக்காய்ச்சல் சுற்றுகிறது. அதுதான். அதுவாகத்தான் இருக்கும்.

கிரிசெல்டா நன்றாக இருக்கிறாள். கருக வெந்தால்தான் அவள் கறி தின்பாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

மருத்துவரிடம் மூன்று பேரும் போனோம். சின்னப் பெண், கெட்டிக்காரி. கண்ணைப் பார்த்தவுடனே கேட்டாள்: "வீட்டுப் பன்றிக்கறி ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டோம் டாக்டர். ஆனா பரிசோதனை பண்ணின கறி. மாமாதான் கொண்டுபோனாங்க. ரொம்பச் சுத்தம்னு சொன்னாங்களாம்" என்றாள் கிரிசெல்டா.

மருத்துவர் என்னைப் பார்த்தாள். "நிச்சயமா?"

தலையாட்டினேன்.

எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டு, ஒவ்வாமையாக இருக்கலாம் என்று வேறு மாத்திரை எழுதினாள்.

அந்த வரி ஒரு விரல் நீளம் இருக்கும்.

ஏப்ரல் 13, சனி

சந்தைக்குப் போகவில்லை. பல் வலி என்று சொன்னேன்.

ஏப்ரல் 15, திங்கள்

எழுதித்தான் ஆகவேண்டும். இங்கேயாவது.

நான் பரிசோதனைக் கூடத்துக்குள் போகவே இல்லை. போனபோது மணி பன்னிரண்டு, மத்தியான ஓய்வுக்குப் பூட்டிவிட்டார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். எதிரே ரயில் நிலையத்துக் கடையில் உட்கார்ந்தேன். சீட்டாட்டம். ஜெயித்துக்கொண்டிருந்தேன்— இல்லை. தோற்றுக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கூடத்தை மறுபடி பூட்டியிருந்தார்கள். பையில் கறி நாறத் தொடங்கியிருந்தது. கடை நாய்க்குப் போட்டேன்.

வீட்டில் உப்பும் மிளகும் எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள். மறந்துட்டேன், நாளைக்குப் போறேன்— இதைச் சொல்ல என்ன கேடு எனக்கு? ஒரு நாள்தானே போயிருக்கும்? வாயைத் திறந்தேன், டாக்டர் இட்டுர்பே வந்துவிட்டார், மாத்தே வந்துவிட்டது, பல்கலைக்கழகம் வந்துவிட்டது. அந்த மனுஷனை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

சொல்லவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று அவனால் கரண்டி பிடிக்க முடியவில்லை. கிரிசெல்டா ஊட்டிவிட்டாள். எனக்கும் சூப் வைத்தாள். குடித்தேன்.

ஏப்ரல் 20, சனி

சந்தை. கிரிசெல்டா சீமை மாதுளம்பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். எதெல்மிரா நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். கறுப்புக் கண்ணாடி. கழற்றினாள். அமில்காரின் அதே வீங்கிய கண்கள்.

சொன்னேன். நின்றபடியே, சத்தமாக. "அந்தக் கறிக்குப் பரிசோதனை நடக்கல. நான் போகல. நாய்க்குப் போட்டுட்டேன்."

முதலில் சிரித்தது எதெல்மிராதான். "அந்த அமைச்சரையும் நாய் தின்னுடுச்சா?" காய்கறிக்காரர்கள், ரொட்டிக்காரி, எல்லோரும். "அடுத்த வாரம் பன்றியே வந்து சாட்சி சொல்லும் பாரு!"

"சத்தியமாடி" என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

கிரிசெல்டா சிரிக்கவில்லை. கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். "எந்த நாய்?"

"ரயில் நிலையத்துக் கடை நாய்."

அவ்வளவுதான் கேட்டாள்; நான் அங்கே சீட்டாடுவது அவளுக்குத் தெரியும். முன்துணியை அவிழ்த்து மேசைமேல் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினாள். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

ஏப்ரல் 21, ஞாயிறு

பெரிய மருத்துவமனை. புழுவேதான். இதயத் தசையும் வீங்கிவிட்டது. அந்தச் சின்ன மருத்துவரும் வந்திருந்தாள். "பன்னிரண்டாம் தேதியே தெரிஞ்சிருந்தா..." என்றாள். எதெல்மிராவுக்கும் இன்னும் ஆறு பேருக்கும் மருந்து தொடங்கிவிட்டார்கள். பிழைத்துக்கொள்வார்களாம்.

என்னை உள்ளே விட்டார்கள். அமில்கார் என்னை ரொம்ப நேரம் பார்த்தான்.

"மாமா" என்றான். "அந்த நாய்க்கு என்ன ஆச்சு?"

"தெரியலடா."

"போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று சிரித்தான். மூச்சு வாங்கியது. செவிலி என்னை வெளியே போகச் சொன்னாள்.

கிரிசெல்டா நடையில் நின்றிருந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

ஏப்ரல் 27, சனி

அமில்கார் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது.

மே 11, சனி

ஊராட்சி அலுவலகத்தில் வாக்குமூலம் கேட்டார்கள். கிரிசெல்டா வண்டியில் கொண்டுபோய் விட்டாள்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். எழுதி முடித்து உரக்கப் படித்தார். ஆறு வரி.

"வேற ஏதாவது சேர்க்கணுமா?"

"இல்லீங்க."

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது வண்டி இல்லை. கொஞ்ச நேரம் படியில் நின்றேன். பிறகு பண்ணைக்கு நடந்தேன்.

நாலு கிலோமீட்டர். நாலுதான்.