எங்களுக்கு மூன்று முறை மணி

பிப்ரவரி 3, 1993
இன்றும் என் முட்டைக்கோஸ் சூப்பில் உப்புக் கூடுதல். நான் போட்டது அல்ல. இந்த வீட்டில் நான்கு அறை, நான்கு குடும்பம், ஒரே சமையலறை. ஆனாலும் என் பானைக்குள் கைவிடும் துணிச்சல் பக்கத்து அறைக் கபிதோலினா அம்மாள் ஒருத்திக்குத்தான் உண்டு. கேட்டால், "உப்பு பத்தலை, போட்டேன். நன்றி சொல்லத் தெரியாதா உனக்கு?" என்கிறாள். பீட்டர்ஸ்பர்க் நெரிசலில் பதினொரு வருடம் டிராலிபஸ் ஓட்டியும் இவ்வளவு எரிச்சல் பட்டதில்லை.

பிப்ரவரி 9
வாசல் மணி ஒரு முறை அடித்தால் கபிதோலினாவுக்கு, மூன்று முறை எங்களுக்கு. இன்று வந்த தரகர் விவரம் தெரியாமல் விடாமல் அடித்தார். நான்கு கதவும் திறந்தன. புதுப் பணக்காரர் ஒருவருக்கு வீடு முழுசாக வேண்டுமாம். பதிலுக்கு ஊர் ஓரத்தில் குடும்பத்துக்கொரு தனி வீடு. எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

என் சமையலறை! எனக்கு மட்டும்! என் கணவன் சவேலி என்னைத் தூக்கிச் சுற்றினான். பாவம், இடுப்புப் பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 11
மூன்று குடும்பம் போட்டாயிற்று. கபிதோலினா மாட்டாளாம்.

பிப்ரவரி 20
சவேலி கேக்கோடு தூது போனான். "கிரீம் புளிக்குது" என்று சொல்லிக்கொண்டே முழுசையும் தின்றாளாம். கையெழுத்து மட்டும் இல்லை.

மார்ச் 4
தரகர் வைத்த கெடு நாளையோடு முடிகிறது. பொறுக்க முடியவில்லை, கபிதோலினாவை அடுப்படியில் மறித்துக் கத்திவிட்டேன்: "ஏன் எங்க உயிரை வாங்குறீங்க?"

உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தாமல் கேட்டாள்: "தனி வீட்டுல நான் யார்கூடடி சண்டை போடறது? செவுத்தோடயா?"

அழுகையும் கோபமுமாக, "நானே வரேன்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து சண்டை போடறேன், போதுமா?" என்றேன்.

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். சவேலி சாட்சிக் கையெழுத்து. அதன் பிறகுதான் அவள் பேனாவைத் தொட்டாள்.

மே 16
குடிவந்து முதல் ஞாயிறு. ஒரு அடுப்பு, ஒரு விளக்கு, எல்லாம் என்னுடையது. கபிதோலினாவிடம் அடுத்த வாரம் போகலாம்.

மே 23
நல்ல வெயில். அடுத்த வாரம்.

மே 29
கடைத்தெருவில் தரகரைப் பார்த்தேன். "வியாழக்கிழமை உங்க புது வீட்டுக்கு வந்து மணி அடிச்சேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுது, யாரும் திறக்கலையே!"

எங்களுக்கும் கேட்டது. ஒரே முறைதான் அடித்தது. பழைய வீட்டுப் பழக்கத்தில், கபிதோலினாவுக்கு என்று இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். "அந்தம்மா ஏன் திறக்கமாட்டேங்குது?" என்று சவேலி அலுத்துக்கொண்டான்!

மே 30
மணி. மூன்று முறை. இருவரும் துள்ளி எழுந்தோம்.

கபிதோலினா. இரண்டு மெட்ரோ மாறி வந்திருக்கிறாள். கையில் என் காகிதம். "மூணு ஞாயிறு ஆச்சு. கையெழுத்துக்கு மரியாதை வேண்டாமா?"

இளைத்திருந்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அவளோ நேராக அடுப்புக்குப் போய் மூடியைத் திறந்து, ருசி பார்த்து, உப்பை எடுத்தாள்.

"தொடாதீங்க! இது என் சமையலறை!"

எத்தனை வருடமாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை! அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்படிச் சொல்லு!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் சண்டை. நாங்கள் ஓயும் நேரம் பார்த்துச் சவேலி தேநீர் கொடுத்தான்.

ஜூன் 6
அவள் கதவில் ஒரு முறை மணி அடித்தேன்.

"லேட்டு!" என்று உள்ளேயிருந்து குரல். இவ்வளவு வேகமாகக் கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை.