இரண்டரை அங்குலம்

கிரேட் ஃபால்ஸ், மொன்டானா
25 செப்டம்பர் 1994

அன்புள்ள லோர்னாவுக்கு,

டுவைட் ஹாக்கன்சன் ஆகிய நான் இக்கடிதத்தை எழுதுவதன் நோக்கம் ஒன்றே: நம் பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றும் கேம்பர் அறையின் தரைக்குக் குளிர்காப்பு இடத் தொடங்கியிருக்கிறேன் என்பதை உனக்குத் தெரிவிப்பது.

சென்ற நவம்பரில், இதே கேம்பரில் போன மான் வேட்டைப் பயணத்தின் கடைசி நாளில், "கால் சூடானதும் வர்றேன்" என்று சொல்லி உன் அக்காள் வெர்னாவின் வீட்டுக்குப் போனாய். பத்து மாதங்கள் ஆகின்றன. தொலைபேசியை எப்போதும் வெர்னாவே எடுக்கிறாள். என்னிடம் வானிலையைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. ஆகவே கடிதம்.

நான்கு ஜாக்கிகளால் கேம்பரைத் தூக்கிவிட்டு, டிரக்கை அடியிலிருந்து வெளியே எடுத்தேன். மேல்விரிப்பான லினோலியத்தை உரித்தால், முக்கால் அங்குல ஒட்டுப்பலகை; அதற்கடியில் ஒன்றுமே இல்லை. கட்டட ஆய்வாளனாக, தரையில் குளிர்காப்பு இல்லாத எத்தனையோ வீடுகளுக்கு அனுமதி மறுத்தவன் நான். கேம்பர் விதிமுறைப் புத்தகத்தில் வராது என்பதால் இதைக் குனிந்து பார்த்ததே இல்லை.

பக்கத்து வீட்டு மெர்ல் வேலிமேல் சாய்ந்துகொண்டு, "என்னப்பா டுவைட், அனுமதி வாங்கினியா? இல்ல, உனக்கு நீயே நோட்டீஸ் ஒட்டிக்கப் போறியா?" என்றான்.

இரண்டு அங்குல நுரைப் பலகை, அதன்மேல் அரை அங்குல ஒட்டுப்பலகை. உள்ளே உயரம் இரண்டரை அங்குலம் குறையும். உன் உயரத்துக்குப் பாதிப்பில்லை.

உறைபனிக்கு முன்பே தக்காளிச் செடிகளைப் போர்த்திவிட்டேன்.

உன்,
டுவைட்


ஹாவர்
29 செப்டம்பர்

டுவைட்,

இருபத்தஞ்சு வருஷம் கூட இருந்தவளுக்கு உன் முழுப் பேரு தெரியாதா? வெர்னா முதல் வரியப் படிச்சிட்டு, "கோர்ட்டுல இருந்து சம்மன் வந்திருக்குடி"ன்னு சிரிச்சா.

தரைய நல்லாவே போடு. ஆனா நான் தரைக்காகவா போனேன்? ஒவ்வொரு வருஷமும் "கால் விறைக்குது டுவைட்"னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நீ கதவுகிட்ட போயி, மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துட்டு, "அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். குளிர வாய்ப்பில்ல"ன்னே. கடைசி நாள் சூப் பாத்திரத்துல வெந்நி ஊத்தி, ரெண்டு காலையும் அதுக்குள்ள வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பவும் நீ எழுந்து போய் அதைத்தான் பார்த்தே.

அதுக்கு நுரைப் பலகை என்ன பண்ணும்?

தக்காளிக்கு என் பச்சைப் போர்வையைப் போட்டுடலையே?

லோர்னா


கிரேட் ஃபால்ஸ்
5 அக்டோபர்

அன்புள்ள லோர்னாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாள், நுரைப் பலகையை வெட்டும் முன்பே, கேம்பரைத் திரும்ப டிரக்கில் ஏற்றி மலைக்கு ஓட்டிச் சென்றேன். விடியும் நேரம், வெளியே உறைபனி. ஹீட்டரைப் போட்டேன். கதவருகே அறுபத்தெட்டு. தெர்மாமீட்டரைக் கழற்றிக்கொண்டுபோய் உன் இருக்கையில் அமர்ந்து, அதைக் காலடியில் வைத்தேன். நாற்பத்தொன்று; உறைநிலைக்கு ஒன்பதே டிகிரி மேல்.

அதை என் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தேன், லோர்னா. இத்தனை ஆண்டுகளாக என் தலைக்கருகே இருந்த வெப்பத்தைப் பார்த்து உன் கால்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன்.

நாற்பத்தொன்றைக் கண்டதும் உனக்கு உடனே எழுதத் துடித்தேன். பிறகு காலுறைகளைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கால் விறைக்க விறைக்கத்தான் புரிந்தது: கருவி ஒப்புக்கொண்ட பிறகே உன்னை நம்புகிறேன் என்றால், நான் இன்னமும் கதவருகேதான் நின்றுகொண்டிருக்கிறேன். நீ சொன்ன அன்றே அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

நேற்று தரை முடிந்தது. நிமிர்ந்தால் கூரை விளக்கு என் நெற்றியில் இடிக்கிறது. "உன்னைக் குனிய வைக்க ஒரு தரை தேவைப்பட்டிருக்கு, பாரேன்!" என்று மெர்ல் சிரித்தான். விளக்கை மாற்றப் போவதில்லை.

தெர்மாமீட்டரை எடுத்துவிட்டேன். அது இருந்த திருகாணி ஓட்டையையும் அடைத்தாயிற்று. தக்காளிக்குப் போட்டது பழைய கித்தான்தான். பச்சைப் போர்வை உன் இருக்கையில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இங்கிருந்து புறப்படுவேன். வெர்னாவின் வீட்டெதிரே நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுவிட்டு, கதவைத் தட்டாமல் காத்திருப்பேன். நீ வெறுங்காலோடு ஏறிப் பார். குளிர்கிறது என்று நீ சொன்னால், வேறு எதையும் பார்க்காமல், அந்தத் தெருவிலேயே தரையைப் பெயர்த்து மறுபடியும் போடுவேன்.

உன்,
டுவைட்