திறக்காமல் திரும்பிய ஆணிப்பெட்டி

அன்பு மகளுக்கு,

நான், அம்மா, லேத் பட்டறை மூன்று பேரும் நலம். நீ நலமா என்பதை அம்மா போனில் கேட்டு எனக்குச் சொல்லிவிடுகிறாள், இருந்தாலும் என் கையால் ஒரு தடவை கேட்கிறேன், நலமா? மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? இங்கே மழை விடுவதாக இல்லை. மாடி வீட்டுத் தையல்காரர் துணி காயவில்லை என்று என்னை முறைக்கிறார், மழையும் என் ஆராய்ச்சி என்று நினைப்பு போல.

போன மாதம் நீ சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. பட்டறையில் கம்ப்ரசர் பக்கத்து அலமாரியில் இருக்கும் சாமான்கள் மட்டும் துருப்பிடிப்பதில்லை, அதிர்வும் சத்தமும்தான் இரும்பைக் காக்கின்றன என்று தொழிலுக்கு வந்த புதிதிலேயே கண்டேன். வீட்டுப் பின்னறையில் ஒரு தட்டு ஆணி, பக்கத்தில் ஓயாமல் அடிக்கும் மின்சார மணி, முன்னறையில் மணி இல்லாமல் ஒரு தட்டு, இரண்டிலும் ஈரத்துணி. மணிப் பக்கத்து ஆணிகள் பளபளவென்று இருந்தன. ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினேன், நான் போட்ட முடிச்சு அவிழாமலேயே பெட்டி திரும்பி வந்தது, கூடவே எங்கள் துறைக்குப் பொருந்தாது என்று ஒரு வரி. சரி, நம் பெண் உலோக ஆய்வகத்தில்தானே இருக்கிறாள், அவள் பார்ப்பாள் என்று உன்னிடம் வந்தால், "அப்பா, இதை யார்கிட்டயும் காட்டாதீங்க, என் மானம் போயிடும்" என்றாய். அன்றிலிருந்துதான் நான் போனுக்கு வருவதில்லை.

நேற்று வேறொரு கல்லூரிக்கு அனுப்பப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன், அம்மா வந்து எதிரே உட்கார்ந்தாள். "அங்கயும் போய் அசிங்கப்பட வேண்டாம்னுதான் சொல்றேன். நீங்க பட்டறைக்குக் கிளம்பினதும் மணியை அணைச்சிடுவேன், உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் போடுவேன். மணி வச்ச நாள்லேர்ந்து இதான் நடந்தது. என் காது என்ன இரும்பா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். ஆனால் படுத்தால் மண்டைக்குள் குடைகிறது, பகல் முழுக்க மணியே அடிக்கவில்லை என்றால் ஆணிகளைக் காத்தது எது? யோசித்துப் பார்த்தால், பட்டறையிலிருந்து வந்ததும் செல்லப்பிள்ளைகளைப்போல அந்த ஆணிகளைத்தான் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், முன்னறைத் தட்டை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. என் கையில் எப்போதும் இருப்பது எண்ணெய். கம்ப்ரசரும் எண்ணெய் துப்புகிற ஜென்மம்தான். இது நிஜமா என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள மனம் பரபரக்கிறது.

அப்பா தோற்றுவிட்டார் என்று துள்ளாதே. மாதம் நூறு பெட்டி வந்தால் எல்லாவற்றையும் திறந்துகொண்டிருக்க முடியுமா என்று நீ கேட்டது நியாயம்தான். நேரமில்லை என்று எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். பொருந்தாது என்றல்லவா எழுதினார்கள், பார்க்காதவனுக்கு அது எப்படித் தெரிந்தது? எவனோ ஒருவன் நிஜமாகவே ஒன்றைக் கண்டுபிடித்து அனுப்பினாலும் அவனுக்கும் இதே வரிதானே போகும்? என் எண்ணம் தப்பாகவே இருக்கட்டும், அவர்கள் செய்தது அதனால் சரியாகிவிடாது. இத்தனை பேரில் உன் அம்மா ஒருத்தி, எரிச்சலில்தான் என்றாலும், செய்து பார்த்துவிட்டு இல்லை என்றவள். அவள் மறுப்பை ஏற்கிறேன். மற்ற எவருடையதையும் ஏற்கமாட்டேன், உன்னுடையதையும் சேர்த்துத்தான்.

இன்று புதிதாகத் தட்டுகள் வைத்திருக்கிறேன். மணியை எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பது இனி அம்மா இஷ்டம், எனக்குச் சொல்லமாட்டாள், அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. பழைய ஆணிகளை உனக்கே அனுப்பியிருக்கிறேன். யாரிடமும் காட்ட வேண்டாம், நீ மட்டும் திற. அவற்றின் மேல் எண்ணெய் இருந்தால் இருக்கிறது என்று எழுது, முப்பது வருஷம் நான் நம்பியது பொய் என்றும் எழுது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். பார்த்துவிட்டுச் சொல், அவ்வளவுதான் நான் கேட்பது.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். வெறும் கையால் மட்டும் ஆணிகளைத் தொட்டுவிடாதே, உன் கையில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பதிலுக்காகக் காத்திருக்கும் அப்பா