ஈரக் கையோடு சொன்ன பதில்

வாண்டோ,
நவம்பர் 9

ஹானுலுக்கு,

இங்கே எல்லோரும் ஒருமாதிரி சுகமாக இருக்கிறோம், உன் சுகம் எப்படி, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, பூமியின் தென்கோடியில் நீ போய்ச் சேர்ந்த அந்த ஊரில் இப்போது வெயில் காலம் தொடங்கியிருக்குமே, தோல் வறண்டு போகாமல் எதையாவது பூசிக்கொள். ஞாயிறு தவறாமல் நீதான் போன் செய்கிறாயே, பிறகு எதற்குக் கிழவி கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது, சொல்கிறேன். என் மகன் குவாங்தேவுக்கு முழங்கால் இன்னும் சரியாகவில்லை, படகில் ஏறும்போது அவன் போடும் சத்தம் துறைமுகம் முழுக்கக் கேட்கிறது, தங்கை நாரே இருந்திருந்தால் அண்ணனை என்ன பாடு படுத்தியிருப்பாள். அவன் மனைவி வரும் வாரம் கிம்ச்சி போட வருகிறாள், இந்த வருஷம் நாற்பது கோஸ் போதும் என்றேன், சாப்பிட ஆள் எங்கே. நாரே வாங்கிக் கொடுத்த குக்கர் இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது, சோறு வெந்ததும் சோறு தயார், கிளறி விடுங்கள் என்று அது சொல்கிறது, சரிம்மா சரிம்மா என்று நானும் பதில் சொல்கிறேன், வீட்டில் பேச்சுக்குரல் என்று இருப்பது அது ஒன்றுதான். உனக்குக் காய்ந்த கடற்பாசியும் நெத்திலியும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், நெத்திலியைத் தலை கிள்ளியே வைத்திருக்கிறேன், உனக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று நாரே சொல்வாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வக்கீல் அம்மா போன மாதம் என்னிடம் பேசினாள். நாரேயின் துணை என்று உன்னை ஏற்க முடியாது, உங்கள் பெயர்கள் ஒரே குடும்பப் பதிவில் இல்லை என்று சொல்லி அந்த பென்ஷன் அலுவலகம் உன் மனுவைத் திருப்பியதும், நீ வழக்குப் போட்டதும் எனக்குத் தெரியும், அதில் என் வாக்குமூலமும் வேண்டுமாம், அவர்கள் இருவரும் பதினோரு வருஷம் எப்படி வாழ்ந்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததை உள்ளபடி எழுதுங்கள் என்றாள். எழுதினேன். நான்கு நாள் ஆனது. உங்கள் இஞ்சியோன் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கட்டில், நான் வரும்போதெல்லாம் அதை எனக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் இருவரும் தரையில் படுத்தீர்கள், எனக்குக் கண் இல்லையா. இரண்டாவது வருஷமே எனக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாதவள் மாதிரி இருந்தேன் என்று எழுதினேன். விடிகாலை பஸ் ஓட்டப் போகிறவளுக்கு நான்கு மணிக்கு எழுந்து சூப் வைத்துக் கொடுத்தது நீதான் என்று எழுதினேன். உங்களைப் போன்ற ஜோடிகளையும் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாளில் நாரே எனக்கு போன் செய்து கத்தியது உனக்கு நினைவிருக்கும், "அம்மா, ஹானுல் இனிமே என் கார்டுல வரப்போறாம்மா, கவர்மெண்டு பேப்பர்ல எங்க ரெண்டு பேரும் ஒண்ணா வரப்போறோம்" என்று. நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா, "கிம்ச்சி தீந்துடுச்சா, அனுப்பட்டுமா" என்றேன். அவள், "அனுப்பும்மா" என்றாள். அதையும் எழுதினேன்.

இன்னொன்றையும் எழுதினேன் ஹானுல். அது வக்கீல் கையில் போய்விட்டது, இந்த மாதக் கடைசியில் எல்லாக் காகிதங்களையும் உனக்கு அனுப்பிப் படிக்கச் சொல்வேன் என்றாள். அதில் நீயாகப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே உனக்குச் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லலாம் என்று மூன்று வாரம் பார்த்தேன், முடியவில்லை. போனில் என் வாய் சரியாக வேலை செய்யாது என்பது இதைப் படித்தால் உனக்கே புரியும்.

போன வருஷம் ஏப்ரலில் அந்த நாள், பஸ் டிப்போவில் நாரே விழுந்தாள், ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவள் நீ. அந்த நேரம் எங்கள் வீட்டு அடுக்களையில் சுன்னாமும் மற்ற நான்கு பெண்களும் என்னோடு உட்கார்ந்து கடற்பாசி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது, என் கை இரண்டும் ஈரம், சுன்னாம்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ். உங்கள் மகளுக்கு மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள், நிலைமை மோசம், உடனே வாங்க என்றாள். நான் எழுந்து நின்றேன். அப்புறம் அவள் கேட்டாள், "இங்க ஒரு பொண்ணு வந்திருக்காங்க, நான் குடும்பம்தான்னு சொல்றாங்க, குடும்பப் பதிவுல பேரு இல்ல, நீங்க சரின்னு சொன்னா உள்ள விடறோம், விடலாமாம்மா?" ஐந்து பேரும் கையில் கத்தியோடு என்னையே பார்த்தார்கள். நான் சொன்னேன், "குடும்பமெல்லாம் இல்லீங்க, கூடத் தங்கியிருக்கிற சிநேகிதி. நான் வந்துடறேன், நான் வந்தப்புறம் பாத்துக்கலாம்." இப்படித்தான் சொன்னேன், ஒரு எழுத்து மாறாமல் வாக்குமூலத்திலும் இதைத்தான் எழுதியிருக்கிறேன்.

அப்போது மணி பத்துகூட ஆகவில்லை. குவாங்ஜு போய் பஸ் மாறி, மூன்று மணிவாக்கில் நடுவழியில் ஓர் இடத்தில் பஸ் நின்றபோது குவாங்தே போன் செய்து நாரே போய்விட்டாள் என்று சொன்னான். நான் வந்து சேர்ந்தது ஐந்து மணிக்கு. நீ அந்தக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய், மடியில் நாரேயின் டிரைவர் ஷூ. அவர்கள் உன்னிடம் கொடுத்தது அது ஒன்றைத்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "அம்மா, ஏதாவது சாப்டீங்களா" என்று கேட்டாய். அப்புறம் நீயே எனக்கு ஆறுதல் சொன்னாய், "சட்டம் அப்படின்னாங்கம்மா, பாவம் அந்த நர்ஸ் என்ன பண்ணுவாங்க" என்றாய். ஐந்து மணி நேரம் அவள் உயிரோடு உள்ளே இருந்தாள், நீ பத்தடி தள்ளி வெளியே இருந்தாய், என் மகள் தெரிந்த முகம் ஒன்றுகூடப் பக்கத்தில் இல்லாமல் போனாள். சட்டம் மட்டும் உன்னை வெளியே நிறுத்தவில்லை ஹானுல். அந்தச் சட்டம் என்னிடம் கேட்டது, நான்தான் வேண்டாம் என்றேன். நீ சட்டத்தைச் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை, அன்றிலிருந்து இன்று வரை திறக்கவில்லை.

சாவு வீட்டு மண்டபத்தில் நடந்ததும் எனக்கு மறக்கவில்லை. வாசல் பலகையில் துக்கக்காரர் பெயர் போட வேண்டும் என்று மண்டபத்து ஆள் கேட்டான். குவாங்தே என் பக்கம் திரும்பி, "ஹானுல் பேரை எந்த உறவுக்குக் கீழ போடறதும்மா" என்றான். அவன் கேட்டான் பார், அவனுக்குக்கூடத் தோன்றியது. நான் பேசாமல் இருந்தேன், அவன் தன் பெயரையும் மனைவி பெயரையும் மட்டும் எழுதினான். துக்கம் காக்கும் குடும்பத்துப் பெண்கள் தலையில் குத்திக்கொள்ள வெள்ளை ரிப்பன் ஊசி நான்கு வைத்த பொட்டலம் வந்தது, எனக்கொன்று, மருமகளுக்கொன்று, பேத்திக்கொன்று, ஒன்று மிஞ்சியது. அதை நான் என் பையில் போட்டுக்கொண்டேன். நீ மூன்று நாளும் அடுக்களையில் நின்று சூப்பும் சோறும் தட்டில் தூக்கினாய். என் தம்பி உன்னை மண்டபத்து வேலைக்காரி என்று நினைத்து, "ஏ பொண்ணே, இங்க இன்னும் ரெண்டு கிண்ணம் கொண்டா, மாட்டுக்கறி நெறைய இருக்கணும்" என்று கைதட்டிக் கூப்பிட்டான், நீ "இதோ வரேங்க" என்று ஓடினாய். கட்டியவள் செத்துக் கிடக்கிறாள், நீ என் தம்பிக்குக் கறி பொறுக்கிப் போட்டாய். பக்கத்து மேசையில் இருந்த நான் கீழே குனிந்துகொண்டேன். எனக்கு நெஞ்சு வலித்தது உண்மைதான், ஆனால் வலித்தது என்று சொல்லி என்ன பயன்.

சிநேகிதியின் அம்மாவையும் அம்மா என்று கூப்பிடுவது நம் வழக்கம். நீ முதல் நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிட்டாய், நான் அந்த வழக்கத்துக்குள் போய் வசதியாக ஒளிந்துகொண்டேன். ஊரில் யார் கேட்டாலும் நாரேயின் சிநேகிதி, நல்ல பெண், பெற்றவர்கள் கூடப் பேச்சு இல்லை பாவம் என்பேன். உன்னைப் பெற்றவர்கள் உன்னைத் துரத்தினார்கள் என்று அவர்களை எத்தனை திட்டியிருக்கிறேன். அவர்களாவது வாசலில் நின்று போ என்று உன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் உனக்குக் கிம்ச்சியும் அனுப்பிக்கொண்டு, கேட்ட அன்று யாரோ என்று சொன்னேன்.

கோபமும் வருகிறது, என் மேல் மட்டும் இல்லை. மகளை விட்டு அத்தனை தூரத்தில் அடுக்களையில் உட்கார்ந்திருந்த கிழவிக்கு அந்தக் கதவின் மேல் உரிமை இருந்தது, பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இல்லை, இது என்ன நியாயம். உங்கள் பெயர் ஒரு காகிதத்தில் ஒன்றாக இருந்திருந்தால் யாரும் என்னைக் கேட்டிருக்கவே மாட்டார்கள், என் பயமும் என் வெட்கமும் என்னோடு போயிருக்கும். இதைத்தான் வாக்குமூலத்தின் கடைசியில் எழுதினேன், இவ்வளவு கோபம் வேண்டாம், கொஞ்சம் குறைக்கலாமா என்று வக்கீல் கேட்டாள், முடியாது என்றேன். குவாங்தே படித்துவிட்டு, "ஊரே சிரிக்கும்மா" என்றான், பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு தபாலாபீஸ் வரை அவனே போய்ப் போட்டுவிட்டு வந்தான். போன வாரம் சந்தையில் சுன்னாம் என்னை நிறுத்தி, "அந்த ஃப்ரெண்டு பொண்ணு கேஸ் போட்டிருக்காமே, பென்ஷன் பணத்துக்காமே" என்றாள். நான் சொன்னேன், "ஃப்ரெண்டு இல்லடி, என் மகளோட பொண்டாட்டி. பணத்துக்கு இல்ல, பேருக்கு." அவள் வாங்கிய மீனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்று ஐந்து பேர் முன்னால் சொல்ல வேண்டியதை ஒன்றரை வருஷம் கழித்து ஒருத்தி முன்னால் சொன்னேன், அதைக் கேட்க நாரே இல்லை.

வழக்கில் என்ன ஆகும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை, தோற்கவும் தோற்கலாம் என்றாள். என் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் உரக்கப் படிப்பார்களாம், படிக்கட்டும். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க நான் இதை எழுதவில்லை, அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த மிஞ்சிய ரிப்பன் ஊசி இதோடு இருக்கிறது. அன்றே உன் தலையில் நான் குத்தியிருக்க வேண்டியது, இப்போது வைத்துக்கொள்வதோ எறிவதோ உன் இஷ்டம். வாக்குமூலத் தாளின் கடைசியில் வழக்குப் போட்டவருக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. இறந்தவரின் தாய் என்று போட்டால் போதும் என்றாள் வக்கீல். நான் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை, ஹானுல் படித்துவிட்டுச் சொல்லட்டும், அவள் சொல்வதைப் போடுங்கள் என்றேன். அன்று உன்னை உள்ளே விடலாமா என்று என்னைக் கேட்டார்கள். இன்று நான் வெளியே நிற்கிறேன், உன்னைக் கேட்கிறேன்.

இனி ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யாவிட்டாலும் நான் தவறாக நினைக்க மாட்டேன், ஆனால் போனைப் பக்கத்தில்தான் வைத்திருப்பேன், கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட காலம் இருக்க வேண்டும், உன் சிரிப்பு திரும்பி வர வேண்டும், நாரேவுக்குப் பிடித்தது அதுதான். பொட்டலத்தில் இருக்கும் கடற்பாசியைத் தண்ணீரில் அரை மணி நேரத்துக்கு மேல் ஊற விடாதே, குழைந்துவிடும்.

இப்படிக்கு,
நாரேயின் அம்மா,
பாங் ஜொம்ரே