பலகையும் சாக்கும் கழித்து

ஜூன் 2, திங்கள்
விடிந்தும் மழை விடவில்லை. 5.45க்கு வழக்கம்போல அண்ணன் போன். "எந்திரிச்சியா, இல்ல போர்வைக்குள்ளேர்ந்து பேசுறியா?" போர்வைக்குள்தான். நடக்கிறேன் என்றேன். ஈரல் கெட்டுப் படுத்திருக்கிறவர் என்னை எழுப்ப வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு.

அப்புறம் போனேன். மட்டாஞ்சேரிப் பாலம், பாதி ஏற்றம். மூச்சு முட்டியது. தினமும் அங்கேதான் திரும்புகிறேன். தாண்டினால் வெலிங்டன் தீவு. ஒரு நாள்கூட தாண்டியதில்லை.

நான் எடைச்சீட்டு எழுதும் சுக்குக் கோடவுன் தராசில் 74. தொடங்கியபோது 78. எழுபதுக்கு வந்தால்தான் என் ஈரலில் ஒரு பங்கு அண்ணனுக்கு. கொழுப்பு படிந்த ஈரலைத் தொட மாட்டார்களாம். வீட்டில் வேறு யாருடையதும் பொருந்தவில்லை. மறு ஸ்கேன் 9ஆம் தேதி.

காலை: கோதுமைக் கஞ்சி. மதியம்: வெள்ளரி. மாலை: சாயா, சீனி இல்லாமல். பழம்பொரி ஒன்று (பாதிதான்).

ஜூன் 6, வெள்ளி
71!!

மூட்டை தூக்கும் ஜோசி சேட்டன்தான் தராசு பார்த்தார். அக்கா என்பதற்கு இத்தா என்பார். "இத்தா, கொள்ளாமே! நல்லா மெலிஞ்சு போச்சல்லோ."

அண்ணனுக்கு போன். சொன்னேன். அண்ணி வாங்கி, "அழுவுறாங்க" என்றாள். நானும் சுக்கு மூட்டைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

ஜூன் 7, சனி. பெருநாள்
நடக்கவில்லை. பிரியாணி, இரண்டு தட்டு. ஒரு கிலோதானே பாக்கி என்ற திமிர்.

ஜூன் 9, திங்கள்
எர்ணாகுளம் ஆஸ்பத்திரி. 74.5.

இறங்கி ஏறினேன். செருப்பைக் கழற்றி ஏறினேன். பர்தாவையும் கழற்றட்டுமா என்று நர்ஸிடம் கேட்டேன். பாவமாகப் பார்த்தாள்.

டாக்டர்: "கொழுப்பு அப்படியே தான் இருக்கு. இன்னும் ஒரு மாசம் நல்லா நடக்கணும்." அண்ணனுக்கு ஒரு மாதம் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்
5.45க்கு போன் அடித்தது. எடுக்கவில்லை.

கோடவுனில் தராசைக் காட்டிக் கேட்டேன். ஜோசி சேட்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். "மழை துடங்கியில்லே? வியாழக்கிழமை பலகை வெச்சு. பலகையும் சாக்கும் சேர்த்து மூணு கிலோ கழிச்சுதான் தராசு நிக்கும். இத்தா பலகை இல்லாம ஏறினப்போ மூணு குறைச்சுக் காட்டி. எனிக்கு ஓர்மையில்லாம போச்சு, இத்தா."

மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் தராசில் மூட்டைக்கு அடியில் பலகை போடுவோம். எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு எடைச்சீட்டிலும் 'பலகை, சாக்கு கழித்து' என்று எழுதுகிறவளே நான்தானே. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து.

ஜூன் 11, புதன்
சொல்லிவிட்டேன். அண்ணன் இருமி இருமிச் சிரித்தார். "பலகையக் கழிச்சாங்க சரி, பிரியாணிய யாரு கழிப்பா?" அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டே, "நாளைக்கும் கூப்புடுவேன். எந்திரிக்கணும்."

திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 12, வியாழன்
அண்ணன் கூப்பிட்டார். நடந்தேன். பாதிப் பாலம். இடுப்பு வலி. ஏன் என்னால் முடியவில்லை? சொந்த அண்ணன் உயிர் போகிறது, எனக்கு இடுப்பு வலி. சீ.

ஜூன் 13, வெள்ளி
மழை இல்லை. 5.45. போன் வரவில்லை. நானே எழுந்தேன்.

பாதிப் பாலத்தில், திரும்பப் போகிற இடத்தில், அண்ணி கூப்பிட்டாள். விடியற்காலையில் காய்ச்சல், ரத்தத்தில் கிருமி, ஐசியூ. "இனிமே ஆபரேஷன் தாங்க மாட்டாராம். நீ வா."

ஆட்டோ பிடிக்கத் திரும்பியிருக்க வேண்டும். என்னவோ, கால் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. உச்சி வந்தது, இறக்கம் வந்தது, தீவு வந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. இடுப்பு வலிக்கத்தான் செய்தது.

முடிந்திருக்கிறது. இத்தனை நாளும் முடிந்திருக்கும்.