பாய்மரம் போன கப்பல்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து காற்று. தகரக் கூரை ஓயாமல் அடித்துக்கொள்கிறது. இன்று முதல் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், எனக்கு வெட்கமானதையும்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது சரிவில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். மலைக்கு வேலைக்குப் போகப் பல மாதமாகும்.

கங்காணி வந்தார். "உங்க வீட்டுல ஒரு ஆள் பேர் கொடுத்து காலையில ஆள் எடுக்கிற பெரட்டுக்கு வரணும் தாயி. இல்லேன்னா தோட்டம் குடுத்த இந்த லயத்துக் காம்பிராவத் திருப்பிக் கேப்பாங்க."

"நான் வர்றேன்," என்றாள் அக்கா. அவளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 8, செவ்வாய்
பள்ளி ஆங்கில தினத்துக்கு ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லை விளக்கி மேடையில் பேச வேண்டும். என்னுடையது 'டிஸ்மாஸ்டட்', நூலகத்துக் கடல் கதையில் கண்டது. புயலில் பாய்மரம் இழந்த கப்பல். கடலை நான் பார்த்ததில்லை. கப்பல் மூழ்கிவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர்: "மரம் போனா கப்பலும் போயிருமா? நல்லாத் தேடிப் பாத்துட்டு வா."

அக்கா தன் பரீட்சைப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். நான் உதவவில்லை.

ஜூலை 9, புதன்
அகராதி, பிறகு கலைக்களஞ்சியம். நான் எழுதியது தப்பு. கப்பல் மிதந்துகொண்டுதான் இருக்கும். முறிந்த மரம் கயிறுகளோடு தொங்கிப் பக்கத்தை இடிக்குமாம். முதலில் அதை வெட்டிவிட வேண்டும். பிறகு கிடைத்த கட்டையை நட்டு, இருக்கும் துணியைக் கட்டுவார்கள். மெதுவாகத்தான் போகும். கோணலாகவும்.

அக்காவிடம் ஆசையாகச் சொன்னேன். "சரி, அந்தக் கட்டை நான்தான்," என்றாள்.

சாயந்தரம் அப்பா கொழும்பிலிருந்து வந்துவிட்டார். ஓட்டல் வேலையை விட்டாயிற்று. அக்காவின் புத்தகப் பெட்டியைப் பார்த்தார். "பிரி புள்ள அத."

ஜூலை 10, வியாழன்
அப்பா பேர் கொடுத்தார். ஆண்கள் செய்கிற, செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டு இப்போது இல்லையாம். கொழுந்து மட்டும். எங்கள் தோட்டத்தில் எந்த ஆணும் கொழுந்து எடுத்ததில்லை. தலையில் அம்மாவின் கூடைக் கயிறு, இடுப்பில் அம்மா சேலைக்கு மேல் சுற்றும் படங்குச் சாக்கு. பள்ளிக்குப் போகும் வழியில், கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி அப்பாவைக் கேலி செய்தது காதில் விழுந்தது:

"என்னண்ணே, பொட்டும் வச்சிட்டு வந்திருக்கலாமே!"

"வச்சிவிடு தங்கச்சி. அதுக்குக் கூடுதலா நிறுப்பாங்கன்னா பூவும் வச்சிக்கிறேன்," என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும். காது மட்டும் சிவந்திருந்தது. நான் தெரியாதவள்போலத் தலையைக் குனிந்து நடந்தேன்.

சாயந்தரம் கொழுந்தை எடை போட்டபோது அவருடையதுதான் குறைவு. பாதி முற்றல் இலை என்று கழித்துவிட்டார்கள். வீட்டில் அம்மா படுத்தபடியே அவர் கையைப் பிடித்து, "நகத்தால கிள்ளாதீங்க. ரெண்டு இலை, ஒரு மொட்டு, இப்படி," என்று காட்டினார். பிறகு சிரித்துவிட்டார். விழுந்த பின் முதல் சிரிப்பு.

ஜூலை 11, வெள்ளி
மேடையில் பேசினேன். 'கப்பல் மூழ்கவில்லை' என்று முடித்தேன்.

காலையில் அப்பாவோடு மலை முகப்பு வரை போனேன், கூடையை நான் தூக்கிக்கொண்டு. யாரோ கேலியாகக் கூவினார்கள். திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

இப்போது அப்பா விரல் வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். அக்கா: "நாளைக்கும் சிரிப்பாங்கப்பா." அப்பா: "சிரிக்கட்டும். நீ படி."

எழுந்து என் பக்கத்து லைட்டை அணைத்துவிட்டார். அக்காவுடையதை அணைக்கவில்லை.