கண்காட்சிக்குக் கொண்டுபோன கதிர் அரிவாள்கள்

அன்புள்ள பாய்,

இன்று காலை கண்காட்சி வாசலில் காவலாளி என் பையைத் திறந்ததும் தேங்காய் எண்ணெய் வாசனை. நம் பட்டறையின் பழைய கதிர் அரிவாள் ஒன்றை என் மகள் அங்கே போட்டிருக்கும் கடையில் வைக்க எடுத்து வந்திருந்தேன். துருவேறாமல் இருக்க நீங்கள் பூசிய எண்ணெயைத்தான் இன்னும் பூசுகிறேன். "என்ன சார் இது?" என்று அவர் கேட்டதும் பையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இந்த வயதிலும் பயம் போகவில்லை.

நாம் சென்னைக்குப் போன அந்த வருடம் கூலித் தகராறில் கதிர் முற்றியும் வயலில் யாரும் இறங்கவில்லை. பட்டுக்கோட்டையில் நாம் அடித்துக் குவித்த அரிவாள்களை வாங்க ஆளில்லை. சென்னையில் இரும்பு, எஃகுக்கான சர்வதேசக் கண்காட்சி என்றார்கள். வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தால்தான் நம் பட்டறை பிழைக்கும் நிலை. ஊரில் அடிதடி நடக்கிற நேரத்தில் சாக்கு நிறைய அரிவாளோடு பஸ் ஏறலாமா என்று நான் புலம்பினேன்.

"மாப்ளே, மூஞ்சிய மாத்து. உன்னப் பாத்தாலே புடிச்சு வச்சிருவாங்க" என்றீர்கள்.

தஞ்சாவூரில் அதுதான் நடந்தது. "யார வெட்டப் போறீங்க?" என்றார் போலீஸ்காரர். "நெல்லு அறுக்குற சாமானுங்கய்யா" என்று நீங்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம்மைப் பிடித்து வைத்து விசாரித்து வெளியே விடுவதற்குள் கண்காட்சியின் கடைசி நாள் வந்துவிட்டது.

நாம் போனபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிடலாம் என்றேன். "வந்தது வந்துட்டோம், ஒரு தடவ விரிச்சுட்டுப் போவோம்" என்று காலி மேசையொன்றில் அரிவாள்களைப் பரப்பினீர்கள். கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"மன்னார்குடிப் பக்கங்க நான். அடிதடிக்குப் பயந்து ஓடியாந்துட்டோம். அங்க அறுப்பு ஆரம்பிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா, பேசிட்டிருக்காங்க. இத நீயே வச்சுக்க, அறுப்புக்கு வா" என்றீர்கள்.

"வந்தா விடுவாங்களா?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் நீங்கள் மீதி அரிவாள்களைச் சாக்கில் அள்ளிப் போட்டீர்கள். திரும்பும் பஸ்ஸில், "மாப்ளே, அவள விடுவாங்களா?" என்று என்னிடம் கேட்டீர்கள். உங்கள் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றுதான். பட்டறை எப்படியோ தப்பித்தது. அவள் ஊர் திரும்பினாளா என்பது மட்டும் நமக்குத் தெரியவே இல்லை.

இன்று மாலை மகள் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தாள். விளக்குமாற்றுச் சத்தம் கேட்டதும், பையில் வைத்த அரிவாளை எடுத்து மறுபடியும் மேசையில் வைத்தேன்.

"எல்லாந்தான் முடிஞ்சிருச்சேப்பா?" என்றாள்.

"கொஞ்சம் இரும்மா. யாராவது ஊரப் பத்திக் கேக்க வருவாங்க" என்றேன்.